மலையும் ஸைக்கிளும் நானும்

"தனியாகவா?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துப் போயிற்று. அத்தை கேட்டாள். எதிர் வீட்டு மாமி கேட்டாள். விசா கொடுக்கும் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். எங்கள் காரியாலயத்தில் முப்பது வருஷமாகப் புரூப் திருத்தும் பெரியவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கொண்டு, "தனியாகவா, அம்மா?" என்று கேட்டார். என் பிரயாணத்திலேயே ஏதோ எழுத்துப் பிழை இருப்பது போல் இருந்தது அவர் கேட்ட தோரணை!

நான் செய்யப் போவதாகச் சொன்னது இவ்வளவுதான். 2024 செப்டம்பரில் பத்து நாள் லீவு. பிரான்ஸ் தேசத்துக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மதில் சுவர் மாதிரி நிற்கிறதே பிரனீஸ் மலைத்தொடர், அங்கே போக வேண்டும். ஒரு வாடகை ஸைக்கிள், ஒரு காமிரா, இரண்டு பை, நான். இதற்குத்தான் இத்தனை ஆச்சரியம்.

கேட்காத ஒரே ஆள் அம்மாதான். அவள் ஏன் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லி விடுகிறேன்.

அந்த வருஷம் தை மாதம் அம்மாவுக்கு நெஞ்சில் வலி வந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி வாசம். வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் எனக்குப் பயம் தெளியவில்லை. ராத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக் கொண்டு, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டபடியே படுத்திருப்பேன். ஆறு மாதம் இப்படிப் போயிற்று. டாக்டர் "இனிமேல் கவலை இல்லை" என்று சொன்ன பிறகும் பாயை நான் எடுக்கவில்லை.

ஒரு நாள் விடியற்காலையில் அம்மா சொன்னாள்: "ஏண்டி, நான் தூங்குகிறேனா என்று பார்க்க நீ தூங்காமல் இருக்கிறாய். நீ தூங்குகிறாயா என்று பார்க்க நான் தூங்காமல் இருக்கிறேன். இப்படியே போனால் இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரிதான். அண்ணாவை வந்து இருக்கச் சொல்லுகிறேன். எங்கேயாவது போய்விட்டு வா."

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். "தினம் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். அதில் நீ இருக்க வேண்டும். மலையை நான் சினிமாவில் பார்த்துக் கொள்வேன்."

தனியாகப் போகிறவளுக்கு இதை விடக் கஷ்டமான நிபந்தனை வேறு உண்டா? நீங்களே சொல்லுங்கள்! கையை நீட்டி செல்போனில் எடுத்துக் கொள்ளும் படம் அம்மாவுக்கு ஆகாது. "மூக்குதான் தெரிகிறது" என்பாள். தலையிலிருந்து கால் வரை தெரிய வேண்டும். உடம்பு இளைத்திருக்கிறதா என்று அவள் பார்க்க வேண்டும். ஆகவே தினமும் யாராவது ஒருவரை நிறுத்தி, "ஒரு படம் எடுத்துக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டே தீர வேண்டும்.

லூர்து நகரில்

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குள் லூர்து நகரம் வந்து விடுகிறது. பெரம்பூரிலும் வில்லியனூரிலும் லூர்து மாதா கோயில்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர்களுக்கெல்லாம் மூலம் இந்த ஊர்தான். 1858-ஆம் வருஷம் பெர்னதெத் என்ற பதினான்கு வயதுச் சிறுமி, சுள்ளி பொறுக்கப் போன இடத்தில், ஆற்றங்கரைக் குகையில் மாதாவின் தரிசனம் கண்டதாகச் சொன்னாள். இன்று அந்தக் குகையைத் தேடி உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். சக்கர நாற்காலிகளில் நோயாளிகளை வைத்துத் தள்ளிக் கொண்டு வருகிற காட்சியைக் கண்டதும், என் மனசு என்னவோ ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே திரும்பிப் போயிற்று.

இரவு ஒன்பது மணிக்கு மெழுகுவர்த்தி ஊர்வலம். ஆயிரக் கணக்கான சுடர்கள் ஆறாக நகருகின்றன. காமிராவைக் கையில் எடுத்தவள், எடுக்காமல் அப்படியே நின்று விட்டேன். அப்போது பக்கத்தில் தமிழ் கேட்டது! பாரிஸில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. நான் சென்னையிலிருந்து வருவதைச் சொன்னதும் அந்த அம்மாள் கேட்டாள்: "தனியவோ வந்தனீங்கள்?"

சிரித்து விட்டேன். காரணத்தைச் சொன்னதும் அவளும் சிரித்தாள். முதல் போட்டோவை அவள் பிள்ளைதான் எடுத்துக் கொடுத்தான். கையில் மெழுகுவர்த்தியோடு நிற்கிறேன். அந்த மெழுகுவர்த்தியும் அவர்கள் கொடுத்ததுதான்.

ஒன்பதாயிரம் மிதி

மறுநாள் ஸைக்கிள் கடைக்குப் போனேன். மின்சார மோட்டார் வைத்த ஸைக்கிளும் இருந்தது, வைக்காததும் இருந்தது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து விட்டு மோட்டார் வைத்ததைத்தான் உருட்டி வந்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டியதும் அவர் கேட்டார்: "தூத் ஸேல்?"

"தனியாகவா?" என்பதற்குப் பிரெஞ்சு பாஷையில் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆக, மூன்றாவது விதமாகவும் அந்தக் கேள்வியைக் கேட்டாயிற்று!

லூர்திலிருந்து தெற்கே போக ஓர் அருமையான பாதை இருக்கிறது. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தை எடுத்து விட்டு, ஸைக்கிள்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று வழவழவென்று போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஆறு சலசலத்துக் கொண்டு வருகிறது. அந்தப் பிரதேசத்தில் மலையாற்றுக்குப் பொதுப் பெயர் 'காவ்'. பிறகு பாதை முடிந்து, செங்குத்தான மலைப் பிளவுக்குள் சாலை நுழைகிறது. அதைக் கடந்தால் லூஸ் என்ற சிறு ஊர். அங்கே ஒரு தேவாலயம். கோட்டை மாதிரி அதைச் சுற்றி மதில். அதன் எதிரே இருந்த விடுதியில் மூட்டையை இறக்கினேன்.

லூஸில் எல்லோரும் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லுகிறார்கள்: தூர்மலே. ஸைக்கிள் உலகத்தில் அது ஒரு சபரிமலை. உயரம் 2,115 மீட்டர். ஏறக்குறைய நம் கொடைக்கானல் ஊர் இருக்கும் உயரம்தான். ஆனால் கொடைக்கானலில் அந்த உயரத்தில் காடு இருக்கிறது. இங்கேயோ உச்சியில் மரமே கிடையாது. வெகு வடக்கே இருப்பதால் குளிர் அதிகம். புல்லும் பாறையும்தான். குளிர்காலம் முழுவதும் பனி மூடிச் சாலையை அடைத்து விடுவார்கள்.

லூஸிலிருந்து உச்சி வரை 19 கிலோமீட்டர். நூறு மீட்டர் போவதற்குள் சராசரியாக ஏழரை மீட்டர் ஏறியாக வேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். இன்னும் எத்தனை தூரம், இப்போது எத்தனை உயரம், அடுத்த கிலோமீட்டர் எவ்வளவு செங்குத்து என்று அதில் போட்டிருக்கும். நல்ல எண்ணத்தோடுதான் நட்டிருப்பார்கள். ஆனால் மூச்சு வாங்கும் போது படிக்கச் சகிக்கவில்லை!

நான் ஒரு கணக்குப் போட்டேன். மிக லேசான கியரில், ஒரு முழு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். அதாவது இரண்டு மீட்டரும் கொஞ்சமும். 19 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரம் மிதி. மிதிக்கு ஒரு நாமம் என்று வைத்துக் கொண்டால், சகஸ்ரநாம அர்ச்சனை ஒன்பது தடவை முடிந்து விடும்.

அந்த நாள் வீரர்கள்

இந்த மலைக்கு இத்தனை கீர்த்தி எப்படி வந்தது? 1903-இல் ஆரம்பித்த 'தூர் த பிரான்ஸ்' என்ற ஸைக்கிள் பந்தயம், 1910-இல்தான் முதன் முதலாக இதன் மேல் ஏறியது. அதற்கு முன் சாலை எப்படி இருக்கிறது என்று பார்த்து வர ஸ்டெய்னஸ் என்பவரை அனுப்பினார்களாம். அவர் போன மோட்டார் பனியில் மாட்டிக் கொண்டது. மனிதர் இறங்கி இருட்டில் நடந்தே கணவாயைக் கடந்தார். பனியில் சறுக்கி விழுந்து, உயிர் தப்பி, நடுநிசிக்கு மேல் பரேஜ் என்ற ஊர் வந்து சேர்ந்தார். மறுநாள் தலைமைக் காரியாலயத்துக்கு என்ன தந்தி அடித்தார் தெரியுமா? சாலை மிக நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று! இந்தக் கதையை அங்கே எல்லோரும் சிரித்துக் கொண்டே சொல்லுகிறார்கள். அந்த வருஷம் உச்சியை முதலில் எட்டியவர் லாபீஸ் என்ற வீரர். பந்தயத்தையும் அவரே ஜயித்தார். ஏழு வருஷம் கழித்து, முதல் உலக யுத்தத்தில் விமானியாகப் போய் உயிர் நீத்தார்.

"எல்லாம் ஆண்பிள்ளைகள் கதைதானா?" என்று கேட்கப் போகிறீர்கள். அவசரப்படாதீர்கள். 1908-இல் மாரி மார்வேன் என்ற பெண்மணி அந்தப் பந்தயத்தில் சேர அனுமதி கேட்டார். பெண் என்பதால் மறுத்து விட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. போட்டிக்காரர்கள் போன வழியிலேயே தம்முடைய ஸைக்கிளில் போய் முழுத் தூரத்தையும் முடித்தார். அந்த வருஷம் புறப்பட்ட ஆண்களில் முடித்தவர்கள் 36 பேர்தான்! பிற்காலத்தில் அவர் விமானம் ஓட்டினார். காயம் பட்டவர்களை விமானத்தில் ஏற்றிச் செல்லும் யோசனைக்காகப் பாடுபட்டார். 86-வது வயதில் கூட நான்ஸி நகரிலிருந்து பாரிஸுக்கு ஸைக்கிளில் போனார் என்று சொல்லுகிறார்கள். 2022 முதல் பெண்களுக்கென்றே அந்தப் பந்தயம் நடக்கிறது. 2023-இல் இந்தத் தூர்மலே உச்சியில் மூடுபனிக்கு நடுவே முதலாவதாக வந்து சேர்ந்தவர் டெமி வோலரிங் என்ற டச்சுப் பெண். அந்த வருஷப் பந்தயத்தின் வெற்றியும் அவருக்கே.

திரும்பிய நாள்

மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு நானும் புறப்பட்டேன். முதல் ஏழு கிலோமீட்டர் சுகமாகவே கழிந்தது. பரேஜ் ஊர் வந்தது. கந்தக வெந்நீர் ஊற்றுக்குப் பெயர் போன இடம். 1675-இல் பதினான்காம் லூயி மன்னரின் பிள்ளை ஒருவனை, கால் சரியில்லாத சிறுவனை, அவனை வளர்த்து வந்த சீமாட்டி இங்கே அழைத்து வந்தாள். அதிலிருந்து ஊர் பிரபலமாகி விட்டது. உங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்றும் இருக்கிறது. பட்டுப் பாவும் கம்பளி ஊடையுமாக நெய்த மெல்லிய துணி ஒன்றுக்கு இந்த ஊரின் பெயரே 'பரேஜ்' என்று வழங்கியது. ஒரு காலத்தில் ஐரோப்பியச் சீமாட்டிகள் அதில் சால்வையும் கவுனும் தைத்துப் போட்டுக் கொண்டு உலாவினார்கள்.

ஊரைத் தாண்டியதும் மரங்கள் குறைந்தன. புல்வெளியில் ஆட்டு மந்தைகள். ஒவ்வோர் ஆட்டுக் கழுத்திலும் மணி. ஒரு வளைவில் நின்று படம் எடுத்தேன், இன்னொரு வளைவில் நின்று படம் எடுத்தேன். உண்மையைச் சொன்னால், படம் எடுப்பது ஒரு சாக்கு. மூச்சு வாங்குவதுதான் காரியம்!

இன்னும் நான்கு கிலோமீட்டர் என்று பலகை சொன்ன இடத்தில் வானம் கறுத்தது. இடி முழங்கிற்று. மழைத் துளி அம்பு மாதிரி முகத்தில் தைத்தது. மேலே ஒண்டிக் கொள்ள ஒரு மரம் கூட இல்லை. இடி மின்னலில் மரத்தடியும் ஆகாது, வெட்டவெளியும் ஆகாது.

நேயர்களே, அந்த ஐந்து நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். நான்கே கிலோமீட்டர்! எத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்திருக்கிறேன்? இப்போது திரும்பினால் அத்தை என்ன சொல்லுவாள்? "தனியாகப் போக வேண்டாம் என்று அப்போதே சொன்னேனே!" செல்போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. எனக்கு இங்கே ஏதாவது நேர்ந்தால், அந்தச் செய்தி அம்மாவின் நெஞ்சுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அவளை ஆறு மாதம் காத்ததெல்லாம் இதற்குத்தானா?

மேலேயிருந்து ஒரு சிறு வண்டி இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, கையைக் கீழ்ப் பக்கமாக ஆட்டிக் காண்பித்தார். பாஷை தேவைப்படவில்லை. ஸைக்கிளைத் திருப்பினேன்.

பரேஜ் வந்து சேர்ந்த போது பல் கிட்டிக் கொண்டிருந்தது. ரொட்டிக் கடைக்காரப் பெண்மணி என்னை உள்ளே இழுத்து, அடுப்புப் பக்கம் உட்கார வைத்து, சூடாகச் சாக்லேட் பானம் கொடுத்தாள். அன்றைய போட்டோவும் அவள் எடுத்ததுதான். நனைந்த கோழி மாதிரி நிற்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு, நம் ஊரில் இரவு எட்டரைக்கு, அதை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "தலையைத் துவட்டினாயா?"

அப்புறம் போனில் பேசினேன். "அம்மா, பாதியிலே திரும்பி விட்டேன்" என்னும் போது தொண்டை அடைத்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஆஸ்பத்திரியில் முதல் நாள் நான் நாலு அடி நடந்து விட்டுத் திரும்பி வந்து படுத்துக் கொண்டேன். நீ தோற்றுப் போய் விட்டாய் என்றா என்னிடம் சொன்னாய்? 'நாளைக்கு எட்டு அடி, அம்மா' என்றல்லவா சொன்னாய்?" என்றாள்.

மலையில் ஒரு அரை வட்டம்

மறுநாள் ஓய்வு. ஓய்வு என்றால் 20 கிலோமீட்டர் மட்டும்! லூஸிலிருந்து தெற்கே கவர்னி என்ற கிராமம். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால், திடீரென்று உலகம் முடிந்து விட்ட மாதிரி ஒரு சுவர். அரை வட்டமாக, படிப்படியாக, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. பனிக்கட்டி ஆறுகள் யுக யுகமாகக் குடைந்த வேலை. சுவரின் மேலிருந்து ஒரு வெள்ளிக் கம்பி தொங்குகிறது; அது 400 மீட்டருக்கு மேல் விழும் நீர்வீழ்ச்சி. 1997-இல் யுனெஸ்கோ இந்தப் பிரதேசத்தை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்திருக்கிறது. சுவருக்கு மேலே மலை முகட்டில் பல் விழுந்தது போல் ஓர் இடைவெளி இருக்கிறது. ரோலான் என்ற வீரன் சாகும் தறுவாயில் தன் வாளை உடைத்துப் போடப் பாறையில் ஓங்கி வெட்டினானாம். வாள் உடையவில்லை, மலைதான் பிளந்தது என்பது கதை.

இங்கே போட்டோ பற்றி இரண்டு வார்த்தை. இந்தச் சுவர் எந்தக் காமிராவுக்கும் அடங்காது. மலையை மட்டும் எடுத்தால் அதன் பெருமை தெரியாது. கீழே எறும்பு மாதிரி இரண்டு மனிதர்களைச் சேர்த்து எடுத்தால்தான் தெரியும். 1861-இல் பிஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர், கண்ணாடித் தகடுகளையும் மருந்துகளையும் கூடாரத்தையும் 25 கூலியாட்கள் தலையில் ஏற்றி, ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் சிகரத்தில் போய்ப் படம் எடுத்தார். என் காமிராவோ கைப்பைக்குள் அடங்கி விடுகிறது. குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அந்நியரிடம் காமிராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லும் போது ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். முதலில் ஸைக்கிளை நிறுத்தி, நானே ஒரு படம் எடுத்து விடுவேன். பிறகு அந்தப் படத்தைக் காண்பித்து, ஸைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்று கொள்வேன். "இதே மாதிரி, என்னையும் சேர்த்து" என்று அவர்களுக்குப் புரிந்து விடும். தலை வெட்டுப் படாது! நீங்களும் செய்து பாருங்கள்.

மூடுபனியில்

ஐந்தாம் நாள் மறுபடியும் தூர்மலே. வானிலை அறிக்கையை இரண்டு தடவை பார்த்தேன். இடி இல்லை, மூடுபனி மட்டும் உண்டு என்றது. விடுதிக்காரரிடம், "மூன்று மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் விசாரியுங்கள்" என்று சொல்லி விட்டுக் கிளம்பினேன். தனியாகப் போகலாம், யாருக்கும் சொல்லாமல் போகக் கூடாது.

முதல் தடவை எங்கே திரும்பினேனோ அந்தப் பலகை வந்ததும் இறங்கி அதை ஒரு தட்டுத் தட்டினேன். அதற்கு மேல் எல்லாமே புதிது. பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டு மணிகளின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்து கொண்டிருந்தது. சகஸ்ரநாமத்தில் எத்தனையாவது நாமம் என்ற கணக்கெல்லாம் எப்போதோ விட்டுப் போயிற்று.

பின்னால் சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. வெள்ளைத் தலை மயிர், சிவப்பு மேல்சட்டை. ஒரு பாட்டியம்மாள் என்னை நிதானமாகத் தாண்டிப் போனாள்! போகிற போக்கில் திரும்பி, "தூத் ஸேல்?" என்றாள். "ஆமாம்" என்று தலையாட்டினேன். அவள் தன்னைச் சுட்டிக் காட்டி, "நானும்தான்" என்பது போலச் சிரித்து விட்டுப் பனிக்குள் மறைந்தாள்.

கடைசிச் சில நூறு மீட்டர் சுவரில் ஏறுவது போல. கால் இரண்டும் என்னுடையவை அல்ல என்று தோன்றிற்று. திடீரென்று சாலை சமமாயிற்று. பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய உலோக உருவம் எழுந்தது. ஸைக்கிளில் நின்று மிதிக்கும் லாபீஸின் சிலை. குளிர்காலம் வரும் முன் இதைக் கழற்றி அடிவாரத்துக்குக் கொண்டு போய் விடுவார்களாம். ஜூன் மாதத்தில் லாரியில் ஏற்றி, ஸைக்கிள்காரர்கள் கூட்டமாகப் பின்தொடர, மறுபடி மேலே கொண்டு வந்து வைப்பார்களாம். நம் உற்சவர் புறப்பாடேதான்!

பாட்டியம்மாள் அங்கே காத்திருந்தாள். கையைக் குலுக்கினாள். தனக்கு வயது 71 என்பதை விரலால் காட்டினாள். கணவாய்க்கு வடக்கே தார்ப் நகரத்துக்காரியாம். வருஷம் ஒரு தடவை இங்கே ஏறி விட்டுப் போவது வழக்கமாம். நான் அவளிடம் காமிராவைக் கொடுத்தேன். மூடுபனியில் காமிரா ஏமாந்து போகும். வெள்ளையைக் கண்டால் எதிலோ வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் கொண்டு, எல்லாவற்றையும் அழுக்கு வேட்டி நிறமாக்கி விடும். வெளிச்சத்தை நாமே ஒரு படி கூட்டி வைக்க வேண்டும். அப்படி வைத்துத்தான் கொடுத்தேன்.

படம் எடுத்து முடித்ததும் அவள் தன் பையிலிருந்து ஒரு பழைய தினசரிப் பத்திரிகையை எடுத்து, இரண்டாக மடித்து, என் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, பொத்தானை மாட்டி விட்டாள். இறக்கத்தில் குளிர் காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க ஸைக்கிள்காரர்கள் வெகு காலமாகச் செய்யும் உபாயம். பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று பத்திரிகைக்காரியான எனக்கு அன்றுதான் தெரிந்தது! நெஞ்சில் கை வைத்து அவள் பொத்தான் போட்ட போது, அம்மாவுக்கு நான் ஆஸ்பத்திரியில் சால்வையைச் செருகி விட்ட ஞாபகம் வந்து கண்ணில் நீர் நின்றது. பனித்துளி என்று அவள் நினைத்திருப்பாள்.

அவள் வந்த வழியே திரும்பினாள். நான் விடுதிக்குச் செய்தி அனுப்பி விட்டு, கிழக்குப் பக்கம் இறங்கினேன்.

கொல்லன் பட்டறை

17 கிலோமீட்டர் இறக்கம். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப் போயிற்று. அடிவாரத்தில் ஸேந்த் மாரி த காம்பான் என்ற சிற்றூர். அங்கே ஒரு பழைய கொல்லன் பட்டறைச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. 1913-இல் நடந்த கதை. கிறிஸ்தோப் என்ற வீரருக்கு இந்த இறக்கத்தில் ஸைக்கிளின் முன் கவை முறிந்தது. பிறர் உதவி பெறக் கூடாது என்பது பந்தய விதி. மனிதர் ஸைக்கிளைத் தோளில் சுமந்து பதினான்கு கிலோமீட்டர் போல நடந்தார். இந்தப் பட்டறைக்கு வந்து, கொல்லர் வாயால் வழி சொல்ல, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையைப் பொருத்திக் கொண்டார். பக்கத்திலேயே அதிகாரிகள் காவல்! இரண்டு கையும் வேலையாக இருந்ததால், ஒரு சிறு பையன் துருத்தியை ஊதிக் கொடுத்தான். அதற்காக அவருக்கு அபராதம் போட்டார்களே, பார்த்தீர்களா! ஆனாலும் அவர் மறுபடி ஏறி உட்கார்ந்து பந்தயத்தை முடித்தார்.

அந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு கேக் உண்டு. விறகடுப்பின் முன்னால் கூம்பு வடிவக் கட்டையைச் சுழற்றிக் கொண்டே, முட்டை, சர்க்கரை, வெண்ணெய், மாவு கலந்த கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவார்கள். வடிகிற மாவு முள் முள்ளாக இறுகும். மணிக் கணக்கில் பொறுமையாகச் செய்ய வேண்டும். வெட்டினால் அடிமரத்தில் இருப்பது போல் வளையம் வளையமாகத் தெரியும். வாசனைக்கு ரம் சேர்ப்பதும் உண்டு. அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. அவள் இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பாள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது!

துண்டு கேக்கோடு பெஞ்சியில் உட்கார்ந்து, உச்சியில் எடுத்த படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மலை இல்லை. சிலை இல்லை. பள்ளத்தாக்கு இல்லை. ஒரே வெள்ளை. நடுவில் நானும் ஸைக்கிளும். இதற்காகவா இத்தனை பாடு என்று மனசு சற்றுச் சுருங்கிற்று. வேறு படமும் இல்லாததால் அதையே அம்மாவுக்கு அனுப்பினேன்.

வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, நான் எடுத்த படங்களையெல்லாம் கூடத்தில் பரப்பினேன். கவர்னியின் சுவர், ஆட்டு மந்தை, ஆற்றுப் பாதை என்று ஒவ்வொன்றும் ஆசை ஆசையாக எடுத்தவை. அம்மா எல்லாவற்றையும் பார்த்து விட்டு, அந்த வெள்ளைப் படத்தைப் பொறுக்கி எடுத்து, கண்ணாடிச் சட்டம் போடச் சொன்னாள். இப்போது அது அவள் கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது. என் பாய் பரண் மேல் ஏறி விட்டது.

போன வாரம் அத்தை வந்தாள். படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "இதிலே மலையைக் காணோமே! சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. பாவம், தனியாகவா நின்றது குழந்தை?" என்றாள்.

அம்மா காப்பியை ஆற்றிக் கொண்டே சொன்னாள்:

"நன்றாகப் பாருங்கள். தனியாக நின்றிருந்தால் இந்தப் படத்தை யார் எடுத்தார்களாம்?"